கடல் கடந்த கல்யாணம்

விவாகம் என்பது ஊரார் கூடி வாழ்த்தும் வைபவம் என்ற புராதன அபிப்பிராயத்தைக் கைவிட்டு, வெள்ளி இரவு விமானம் ஏறித் திங்கள் காலை ஆபீசுக்குத் திரும்பிவிடும்படியாக, சிநேகிதர்களை மாத்திரம் தாய்லாந்தின் புக்கெட் தீவுக்கு வரவழைத்துத் தாலி கட்டும் நம் இளைஞர்களின் விவேகம் சாமானியமானதன்று. மண்டப வாசலில் சந்தனமும் கற்கண்டும் நீட்டியவர்களின் ஸ்தானத்தில் இப்போது குடியேற்ற அதிகாரி நின்று, பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி உபசரிக்கிறார்.

சாஸ்திரத்துக்கும் யாதொரு பங்கமும் இல்லை. அவ்விடத்துக் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி முந்தியது. ராகுகாலத்தின் நீளமும் ஒன்றரை மணியே. ஆகவே ஞாயிறு மாலை நாலரைக்கு இங்கே ராகுகாலம் பிறக்கும்போது அங்கே மணி ஆறாகி, அது முடிந்தே போயிருக்கும். இந்த அனுகூலம் மாம்பலத்தில் கிடைக்குமா?

கல்யாணங்களை இந்தியாவிலேயே நடத்துங்கள் என்று 2023 நவம்பரில் வானொலியில் வேண்டிக்கொண்ட பிரதமரும், புக்கெட்டின் கரையை நனைப்பது அந்தமான் கடல்தான் என்று அறிந்தால் ஆறுதல் அடையக்கூடும். புரோகிதர், நாதஸ்வரம், வாழையிலை, முருங்கைக்காய் யாவும் இங்கிருந்தே போகின்றன. போகாதவர்கள் அத்தை, மாமா, சித்தப்பா வகையறா மாத்திரமே.

மொய் எழுதும் கணக்குப்பிள்ளையும் போகவில்லை. அந்த வகையறா முழுவதும் வரவிருக்கும் மறுவார வரவேற்புக்காக, அவர் மாம்பலத்து மண்டபத்தில் நோட்டும் பேனாவுமாக ஆயத்தமாயிருக்கிறார்.