மூக்கன் துரையும் நாலு லிட்டர் ஆயிலும்

லேய் மக்கா, முத்தத்துல என்னலே கோலம்? உங்க பாட்டி சாணி தெளிச்ச எடத்துல நீ அம்பாசடர் காருக்க ஆயிலைத் தெளிச்சு வச்சிருக்க. மூக்கன் துரைன்னு ஒரு வெள்ளக்காரன், மிஞ்சின்னு பேரு, 1897-ல தொடங்கி 1906-க்குள்ள பேச்சிப்பாறையில அணை கட்டி கோதையாத்தையே மறிச்சுப்போட்டான். நூறு வருசம் தாண்டியும் நிக்கு. உனக்கு நாலு லிட்டர் ஆயிலை நாலு நாளு நிறுத்தி வைக்க முடியல்ல.

கொள்ளாம். செல்போன்ல பாத்துத்தானே இஞ்சின்ல எல்லாத்தையும் கழத்தின? அதுல கழத்துகத முழுக்க காட்டுகான். மாட்டும்போ ஒரு பாட்டைப் போட்டு ஓட்டி விட்டுருகான்.

இப்பம் "பின்பக்கம் ஆயில் சீல் போச்சு பாட்டா, இஞ்சினை எறக்கணும்"னு நிக்க. அம்பாசடர் உண்டாக்குகதையே 2014-ல நிறுத்தியாச்சு, பாத்துக்க, எறக்கிட்டு சாமானுக்கு எங்கன போவ? பின்னால நனைஞ்சிருந்தா பின்னாலதான் ஒழுகுகுன்னு யாருலே சொன்னா? நேத்து ஆரல்வாய்மொழிக்குப் போனேல்லா? வண்டி ஓடுக காத்தே போதும், அதோட கணவாய்க் காத்தும் சேந்தா கேக்கவா வேணும்? முப்பந்தல்ல அத்தன பெரிய காத்தாடியச் சுத்துக காத்துக்கு, உனக்க ஒரு சொட்டு ஆயிலைப் பின்னால தள்ளதுக்கு யோசனையா?

வயல்ல கசிவு கண்டா ஈரம் கெடக்க எடத்துல நாங்க மண்வெட்டி போட மாட்டோம். மேல போயி, வரப்புல நண்டுவளை எங்கனன்னு பாப்போம். இதுக்கும் அதுதான். ஈரத்துக்க மேல்விளிம்பைப் பிடி.

மொதல்ல இஞ்சின் ஆறட்டு. மண்ணெண்ணெய் தொட்ட துணியால நல்லாத் தொடச்சு, காஞ்சப்பறம் பவுடரைத் தூவு. மூஞ்சிக்கு அப்புகது மாதிரி அப்பாத, லேசா. பத்து நிமிசம் ஓட விட்டு, டார்ச் அடிச்சுப் பாரு, மொதல்ல எங்கன கருக்குன்னு.

மேல வால்வு கவர்லயா? போல்ட்டை இன்னும் முறுக்காத. தகரம்லே அது, தேங்கா உரிக்க பாரை இல்ல. முறுக்க முறுக்க வளைஞ்சு, பேக்கிங் இன்னும் வாயத் தொறக்கும். சிலிக்கானை வேற தோசைக்கு எண்ணெ விடுகது மாதிரி சுத்தி விட்டிருக்க. உள்ள பிதுங்கினது பிஞ்சு விழுந்து சம்புல வலையை அடைச்சா, ஆயில் மேல ஏறாது. செவப்பு விளக்கு எரிஞ்சா அந்த எடத்துலயே ஆஃப் பண்ணு. "வடசேரி வரைக்கும் உருட்டிருவோம்"னு நெனச்சா, பாதியில இஞ்சின் பிடிச்சு நிக்கும், வடசேரிக்கு நீ நடந்துதான் போணும்.

ஃபில்டர்லயா? பழைய ரப்பர் வளையம் அங்கனயே ஒட்டிக் கெடக்கான்னு தடவிப் பாரு. அதுக்கு மேல புதுசையும் வச்சு முறுக்கினா, மணவறையில ரெண்டு மாப்பிள்ளை இருந்த கதைதான்.

ஒண்ணை அடைச்சா இன்னொண்ணுல ஒழுகுகா? ப்ரீத்தர் ஓஸ் அடைச்சிருக்கும். உள்ள கெடக்க கேஸுக்குப் போக வழி வேண்டாமா? கல்யாண வீட்டுல மூணு பாயாசம் குடிச்சவன் வயிறு மாதிரி, எங்கன எளப்பமோ அங்கன தள்ளும்.

இல்ல, மேல எல்லாம் காஞ்சிருந்து, அடியில ட்ரெயின் போல்ட்டைச் சுத்தி மட்டும் கருத்திருக்கா? ஆயில் வடிச்சப்பறம் அந்தப் போல்ட்டுக்கு வாஷர் போட்டியாலேன்னு கேப்பேன். "போட்டேன் பாட்டா"ம்ப.

செரி. அப்பம் ஞாயித்துக்கெழம துளசி மூட்டுல கெடந்து, நான் எடுத்து வெத்தலச்செல்லத்துல போட்டு வச்சிருக்க இந்தச் செம்பு வளையம் யாருக்கதுலே? உங்க பாட்டிக்க மூக்குத்தியா?