இரண்டாம் கியர்த் திணறல்: ஒரு முக்குற்ற ஆய்வு

ஆய்வுப் பரப்பு

வண்டி 60-இல் பறக்கிறது, குறை இல்லை. நின்ற இடத்தில் முறுக்கினால் உறுமுகிறது; குறை இல்லை. வடபழனி சிக்னல் தாண்டியதும் முன்னால் ஒரு மாநகரப் பேருந்து, இரண்டாம் கியர், மணிக்கு 15 கிலோமீட்டர் என்ற நிலையில் மட்டும் ஆக்சிலேட்டரை லேசாகத் திருப்பினால் ஒரு கணம் ஒன்றுமே நடப்பதில்லை. மறுகணம் வண்டி முன்னால் துள்ளுகிறது. முதற்கணத்தைத் திணறல் என்றும் இரண்டாவதை ஜெர்க் என்றும் ஓட்டுநர்கள் வழங்குவர். ஒர்க்‌ஷாப் வழக்கில் இரண்டுக்கும் பொதுப்பெயர் 'மிஸ்ஸிங்'.

ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் உடைய ஒற்றை சிலிண்டர் வண்டிகளோடு இவ்வாய்வு நின்றுகொள்கிறது. கார்புரேட்டர் வண்டிகள் விலக்கப்படுகின்றன. அவற்றுக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவரும், தலையைச் சாய்த்துக் கேட்க ஒரு காதும் போதும் என்பது முன்னோர் முடிபு.

அளவுகோல்

அலகு இல்லாத துறை அறிவியல் ஆகாது. இத்துறையின் அலகு பின்சீட்டில் பிறக்கிறது. ஒவ்வொரு ஜெர்க்குக்கும் பின்னால் இருப்பவரின் ஹெல்மெட் முன்னால் இருப்பவரின் ஹெல்மெட்டில் மோதி எழுப்பும் ஒலியை ஒரு 'டொக்' எனக் கொள்க. இரண்டு சிக்னல்களுக்கிடையே ஓரிரு டொக் என்றால் பின்சீட்டில் மௌனம். அதற்கு மேல் போனால் "ஏங்க, இத எப்பதான் சர்வீஸுக்கு விடப்போறீங்க?" என்ற வினா எழும். கருவியின் அளக்கும் திறன் அத்துடன் முடிகிறது.

முந்தைய ஆய்வாளர்கள்

இவர்கள் மூன்று மரபினர். "பிளக்க மாத்திப் பாப்போம் சார்" என்பது பிளக் மரபு. "எந்த பங்க்குல போட்டீங்க?" என்று தொடங்கி, எந்த பங்க்கைச் சொன்னாலும் உதட்டைப் பிதுக்குவது பெட்ரோல் மரபு. "எஃப்.ஐ. வண்டின்னா அப்படித்தாண்ணே இருக்கும்" என்பது விதி மரபு. இம்மூன்றில் உண்மைக்கு ஓரளவு அருகில் வருவது சோம்பேறித்தனமாகத் தோன்றும் கடைசி மரபுதான் என்பதைப் பின்னர் காண்போம்.

வரலாற்றுப் பின்னணி சிறியது. ஹீரோ ஹோண்டாவின் கிளாமர் 2006-லேயே இன்ஜெக்‌ஷனோடு வந்தது. 2007-இல் இன்ஜெக்‌ஷனோடு வந்த பல்சர் 220, 2009-இல் மனம் மாறிக் கார்புரேட்டருக்கே திரும்பியது. 1.4.2020 முதல் பி.எஸ்.6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் திரும்பும் வழி பெரும்பாலும் அடைபட்டது. கலவையைக் கூட்டிக் குறைக்கும் திருகாணி ஒழிந்து அந்த வேலை இ.சி.யு. என்ற பெட்டிக்குப் போனது. மெக்கானிக்கின் கையில் ஸ்க்ரூ டிரைவர் மிஞ்சியது. திருக இடம்தான் இல்லை.

முக்குற்றம்

சித்த மருத்துவம் உடலை வளி, அழல், ஐயம் என்ற மூன்றால் நடத்துகிறது. இன்ஜினும் காற்று, தீப்பொறி, பெட்ரோல் என்ற மூன்றால் நடக்கிறது. ஒப்புமை தற்செயலாகவே இருக்கட்டும். வேறு கோட்பாட்டுச் சட்டகம் இக்கட்டுரைக்கு வாய்க்கவில்லை.

அழல் குற்றத்தை விரைவில் கடக்கலாம். பிளக்கோ காயிலோ தளர்ந்தால், சிலிண்டரில் அழுத்தம் மிகும்போது, அதாவது முழு ஆக்சிலேட்டரில் மேம்பாலம் ஏறும்போது, முதலில் தெரிந்துவிடும். 60-இல் பறக்கும் வண்டியில் பிளக் மரபு வலுவிழக்கிறது.

ஐயக் குற்றமும் பெரும்பாலும் அவ்வாறே. சாவியைத் திருப்பியதும் டேங்குக்குள் இரண்டு மூன்று விநாடி 'உஸ்ஸ்' என்று ஓர் ஒலி வரும். பம்ப் ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தை ஏற்றும் ஒலி அது. ஃபில்டர் அடைத்தால் அதிகப் பெட்ரோல் கேட்கும் அதிவேகத்தில்தான் முதலில் மூச்சு முட்டும். பெட்ரோல் மரபினருக்கு இரண்டு ஆறுதல்கள் உண்டு: லேசாக அடைத்த இன்ஜெக்டர் குறைந்த வேகத்திலும் படுத்தும், எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணீரை எளிதில் ஏற்கும் என்பதால், மாதக்கணக்கில் நின்ற வண்டியின் டேங்கைச் சந்தேகிப்பதில் நியாயம் உண்டு.

வளிக் குற்றமே ஆய்வுக்குரியது. ஆக்சிலேட்டரை லேசாகத் திருப்பும்போது த்ராட்டில் பாடியில் உள்ள வட்டத் தகடு மயிரிழை அளவே திறக்கிறது. அந்த இடைவெளியின் ஓரத்தில் கருப்பாகக் கரி படிந்திருந்தால், நுழையும் காற்றில் கணிசமான பங்கை அது தின்றுவிடும். முழுதாகத் திறந்தால் அதே கரி ஒரு பொருட்டே இல்லை. நோய் ஏன் 15-இல் மட்டும் தோன்றி 60-இல் மறைகிறது என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் மூன்று குற்றங்களிலும் இல்லை. த்ராட்டில் பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவேயுள்ள ரப்பரில் வெடிப்பு விழுந்து 'ஏர் இழுப்பது' இதன் உடன்பிறப்பு. ஐடிலிங்கில் ஓடவிட்டு ரப்பரைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தெளித்தால், ஓட்டை உள்ள இடத்தில் நுரை உள்ளே போகும், ஐடிலிங் மாறும். சுத்தம் செய்பவர் ஒன்றை மட்டும் நினைவில் கொள்க: பெயிண்ட் பொட்டு வைத்த திருகாணி அங்கே ஒன்று இருந்தால், தொடாதே என்பதற்கே அந்தப் பொட்டு.

விளக்கின் யாப்பிலக்கணம்

மீட்டரில் இன்ஜின் வடிவ மஞ்சள் விளக்கு எரிந்தால் ஆய்வு எளிது. ஹோண்டாவின் பல மாடல்களில் அது நீளமாகவும் குட்டையாகவும் இமைத்துப் பேசும். நீளம் ஒன்றுக்குப் பத்து, குட்டை ஒன்றுக்கு ஒன்று. 12 என்றால் இன்ஜெக்டர்: ஒரு நெடில், இரு குறில், ஆகவே கூவிளம். 21 என்றால் ஆக்சிஜன் சென்சார்: இரு நெடில், ஒரு குறில், ஆகவே தேமாங்காய். தமிழாசிரியர்கள் ஒர்க்‌ஷாப் வைக்காதது நாட்டுக்கு இழப்பே. ஆனால் நம் நோயாளியின் விளக்கு பெரும்பாலும் இமைப்பதே இல்லை. சென்சாரும் வயரும் கெட்டால்தான் இ.சி.யு.வுக்குத் தெரியும், செயின் தொய்ந்தால் அதற்குத் தெரியாது. ஸ்கேனரை மாட்டி "எரர் ஒண்ணும் இல்ல சார்" என்று சொல்லிக் கட்டணம் வாங்குவதும் இதனால்தான் சாத்தியமாகிறது.

நான்காம் குற்றம்

முன்னோர் மூன்றோடு நிறுத்தினர். இக்கட்டுரை நான்காவதாகத் தொய்வைச் சேர்க்கிறது. ஆக்சிலேட்டரை முழுக்க மூடி வண்டி உருளும்போது, இன்ஜின் போதிய சுற்றில் இருந்தால் இ.சி.யு. பெட்ரோலையே நிறுத்திவிடும். மறுபடி திறந்ததும் பெட்ரோல் பாயும், விசை திரும்பும். அதுவரை பின்சக்கரம் இழுத்துவந்த செயினை இப்போது இன்ஜின் இழுக்க வேண்டும். செயின் தொய்ந்து, பின்சக்கரத்துக்குள் கப்ளிங் ரப்பர் தேய்ந்து, ஆக்சிலேட்டர் கேபிளிலும் தொய்வு கூடியிருந்தால், எல்லாத் தொய்வும் இறுகும் வரை ஒன்றும் நடக்காது. அதுதான் திணறல். இறுகி முடிந்ததும் ஒரு டொக்.

சோதனைக்குச் செலவில்லை. இன்ஜினை நிறுத்தி, முதல் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பிடிக்கும் முன் சக்கரம் தாராளமாக ஆடினால் நோய் கிடைத்துவிட்டது. ஆக்சிலேட்டர் கைப்பிடி பொதுவாக 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை சும்மா சுற்றலாம். அதற்கு மேல் சுற்றினால் கேபிளைச் சரிசெய்ய வேண்டும்.

மைலேஜ் மரபினரையும் இங்கேயே சேர்க்க வேண்டும். இவர்கள் 20-இல் போகும்போதும் டாப் கியரை விட்டு இறங்காதவர்கள். ஒற்றை சிலிண்டர் 1500 சுற்றில் நிமிடத்துக்கு 750 முறைதான் வெடிக்கிறது. ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியே முதுகில் தட்டுவதைத் திணறல் என்று புகார் செய்பவருக்கு மருந்து கியர் பெடலில் இருக்கிறது.

விதி மரபுக்குரிய மரியாதை

பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்ற எடை விகிதத்தை ஒட்டியே சைலன்சரில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் தன் வேலையைச் சரியாகச் செய்யும். இன்ஜினுக்கோ 13-க்குப் பக்கத்தில் இருந்தால்தான் உற்சாகம். சட்டம் கேட்பது முதலாவதை. ஆகவே புது வண்டியிலும் ஒரு சிறு தயக்கம் இருக்கவே செய்யும். அதற்குப் பரிகாரம் தேடி இ.சி.யு.வை மாற்றி எழுதுகிறவர் வாரண்டிக்கும் சேர்த்து முடிவுரை எழுதுகிறார்.

நோய் தேடும் வரிசையும் இதிலிருந்தே கிடைக்கிறது: முதலில் கியர், பிறகு செயினும் கேபிளும், பிறகு த்ராட்டில் பாடிக் கரி, கடைசியில்தான் பர்ஸ். நடைமுறையில் பர்ஸிலிருந்தே தொடங்குகிறோம். செயின் எத்தனை மில்லிமீட்டர் ஆடலாம் என்பது வண்டியோடு கொடுத்த கையேட்டில் அச்சிடப்பட்டிருக்கிறது. புது இன்ஜெக்டருக்குச் சரி என்று தலையாட்டும் முன் அந்தப் பக்கத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.