சர்க்கரை கம்மி: காபிக்கடைக் கட்டணவியலில் ஒரு தொடக்க ஆய்வு

இத்துறையில் இதுவரை முறையான ஆய்வு எதுவும் நிகழவில்லை. ஆய்வேட்டின் முதல் வரி இப்படித்தான் இருக்க வேண்டும். தேடிப் பார்த்தால் அந்த வரியை எழுத முடியாமல் போகக்கூடும் என்பதால் நான் தேடவில்லை. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ மட்டும் தானாகக் கண்ணில் பட்டது. காபியையும் தமிழ்நாட்டு நடுத்தர வர்க்கத்தையும் அவர் எடுத்துக்கொண்டுவிட்டபடியால் எனக்கு மிஞ்சியது சர்க்கரை டப்பா.

ஆய்வுக் களம் சென்னை. ஆய்வுக் காலம், பேப்பர் வருவதற்கும் குளிப்பதற்கும் இடைப்பட்டது. தரவுகள் நின்றுகொண்டே திரட்டப்பட்டன.

சர்க்கரையை முன்னிட்டுக் காபி குடிப்போர் ஐவகைப்படுவர். தூக்கலாகக் கேட்போர் முதல் வகை. மாஸ்டர் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார், அவ்வளவே. ஒன்றும் சொல்லாமல் வந்ததைக் குடிப்போர் இரண்டாம் வகை. இவர்களே பெரும்பான்மை, ஆகவே ஆய்வுக்கு உதவாதவர்கள். ‘கம்மி’ என்போர் மூன்றாம் வகை. ‘இல்லாம’ என்போர் நான்காம் வகை. ‘தனியா’ என்று கேட்டு, சின்னக் கிண்ணத்தில் வரும் சர்க்கரை முழுவதையும் கொட்டிக்கொள்வோர் ஐந்தாம் வகை.

ஆறாவது வகை ஒன்று உண்டா என்பதில் கருத்து வேறுபாடு நிலவுகிறது. டம்ளரின் அடியில் கிடக்கும் சர்க்கரையைக் கலக்காமலே குடித்து, தித்திப்பு தொடங்கும் இடத்தில் டம்ளரைக் கீழே வைத்துவிடும் சிலர் உள்ளனர். ஒரு சாரார் இவர்களைக் ‘கம்மி’யில் அடக்குவர். மற்றொரு சாரார், சர்க்கரையை வாங்கியபின் துறப்பதும் வாங்காமலே துறப்பதும் ஒன்றாகா, ஆகவே இது தனிவகை என்பர். இரு சாராரும் நானே.

‘கம்மி’யின் அளவு கடைக்குக் கடை மாறும். ஒரு கடையின் கம்மி அடுத்த கடையின் தூக்கல். மாஸ்டரின் கைதான் அளவு என்று அறிஞர் கூறுவர் (காண்க: மேற்படி கை).

இதுவரை முன்னுரை. கட்டுரையின் உயிர்நிலை கல்லாவில் இருக்கிறது.

முதல் விதி: கூட்டினால் காசு உண்டு, குறைத்தால் கழிவு இல்லை. தெருக்கடையில் இவ்விதியின் பின்பாதி மட்டும் செல்லும், ஏசி போட்ட கடையில் இரண்டு பாதியும் செல்லும். முதலில் பின்பாதியைப் பார்ப்போம்.

சர்க்கரை போட்ட காபிக்கும் போடாத காபிக்கும் ஒரே விலை. அப்படியானால் போடாத சர்க்கரை யாருடையது? கிலோ 45 ரூபாய் என்று கொள்க. ஒரு ஸ்பூன் 5 கிராம் என்று கொள்க. (‘கொள்க’ என்று எழுதிவிட்டால் ஆய்வுலகில் யாரும் சண்டைக்கு வருவதில்லை.) ஒரு ஸ்பூனின் விலை 22½ காசு. கம்மி கேட்டவர் ஒரு ஸ்பூனை விட்டுக்கொடுத்தவர் ஆகையால் கடை அவருக்கு 22½ காசு கடன்பட்டிருக்கிறது. ஆனால் 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 ஜூன் 30 ஓடு செல்லாமல் போயின. கடைக்காரர் மனம் வைத்தாலும் தர வழியில்லை. சர்க்கரையே வேண்டாம் என்றவர் இரண்டு ஸ்பூன் விட்டவர். அவருக்குச் சேர வேண்டியது 45 காசு. இன்று செல்லுபடியாகும் நாணயங்களில் மிகச் சிறியது 50 காசு. அவருக்கும் வழியில்லை. ஐந்து காசு இடைவெளியில் நீதி தவறிப்போகிறது.

50 காசு திரும்பக் கிடைக்க வேண்டுமானால் ஒருவர் 11.1 கிராம் சர்க்கரையைத் துறந்தாக வேண்டும். ஏறத்தாழ இரண்டேகால் ஸ்பூன். அவ்வளவு போடும் கடைகள் இல்லாமல் இல்லை. பேருந்து நிலையங்களின் வாசலில் உள்ளன. அங்கே போய்ச் சர்க்கரை வேண்டாம் என்று சொன்னால் சட்டப்படி 50 காசு வாங்கலாம். 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின்படி 50 காசு நாணயங்களைப் பத்து ரூபாய் வரைக்கும் கொடுக்கவும் வாங்கவும் செய்யலாம். சட்டம் செல்லும் என்கிறது, கல்லாவில் இருப்பவர் செல்லாது என்கிறார். இவ்விடத்தில் ஆய்வாளர் கல்லாவின் பக்கம். சட்டம் விடியற்காலையில் எழுந்து பால் காய்ச்சுவதில்லை.

காசாகத் தர முடியாவிட்டால் பில்லில் கழிக்கலாமே என்பார் உளர். பில்லில் ‘ரவுண்ட் ஆஃப்’ என்று ஒரு வரி இருக்கிறது. உலகில் இல்லாத 22 காசும் 37 காசும் அங்கே இன்றும் உயிரோடு உலவுகின்றன. நல்ல யோசனைதான். ஆனால் கல்லாவுக்குச் சர்க்கரை விஷயம் தெரியாது. டோக்கனில் ‘காபி 1’ என்றுதான் இருக்கும். சர்க்கரை, டோக்கனை மாஸ்டரிடம் நீட்டும்போது வாயால் சொல்லப்படுவது. ஆகவே இந்தத் துறைக்கு எழுத்துச் சான்று கிடையாது, முழுக்க வாய்மொழி மரபு (காண்க: மாஸ்டருடன் நேர்காணல். கேள்வி: போடாத சர்க்கரையை என்ன செய்கிறீர்கள்? விடை: ‘ஓரமா நில்லுங்க சார்’. விடையின் பிற்பகுதி பால் பொங்கியதால் கிடைக்கவில்லை).

குறைத்தவருக்கு ஈடு கிடைக்கும் இடமே தமிழ்நாட்டில் இல்லையா? ஒன்று உண்டு: ரேஷன் கடை. அரிசி வேண்டாம் என்றவருக்கு அதற்குப் பதிலாகக் கூடுதல் சர்க்கரை தருவது ‘சர்க்கரை அட்டை’. ஒன்றை விட்டால் இன்னொன்று கிடைக்கும் என்ற கொள்கையை நிலைநாட்டியது உணவுப் பொருள் வழங்கல் துறைதான். அங்கே காபி கிடைக்காது என்பது இவ்வாய்வின் எதிர்பாராத இடர்.

இனி முன்பாதி. ஏசி கடையில் மேசை ஓரம் கிடக்கும் சர்க்கரைப் பொட்டலங்கள் இலவசம். பத்துப் பொட்டலம் கிழித்துப் போட்டாலும் கேள்வி இல்லை, பார்வை மட்டும் உண்டு. அதே இனிப்பைச் சிரப்பாகக் கேட்டால் தனிக் கட்டணம். காரணம் வேதியியலில் இருக்கிறது. ஐஸ் போட்ட காபியில் சர்க்கரை கரையாது என்பார்கள். கரையும், ஆனால் அது கரைவதற்குள் நாம் குடித்து முடித்துவிடுவோம். முன்கூட்டியே கரைத்து வைத்ததுதான் சிரப். ஆக அந்தக் கட்டணம் இனிப்புக்கு அன்று, நம் அவசரத்துக்கு. வனிலா, ஹேசல்நட் என்பன அவசரத்துக்குச் சூட்டிய பெயர்கள். இத்தனைக்கும் மேலே இரண்டரையும் இரண்டரையுமாக 5 சதவீத ஜி.எஸ்.டி.; நம் அவசரத்தில் பாதி மத்திய அரசுக்கும் பாதி மாநில அரசுக்கும் போய்ச் சேருகிறது.

அத்தகைய கடையின் பில் ஒன்றைப் படியெடுத்துள்ளேன் (காண்க: சட்டைப்பைப் பிரதி, சூடுபட்டுக் கறுத்தது, மூன்றாம் வரியில் நான்கு எழுத்துகள் மங்கல், ஒருமுறை துவைக்கப்பட்டது, அதற்கு முந்தைய பாடம் ஆய்வாளரின் மனைவிக்கு மட்டும் தெரியும், அவர் நேர்காணலுக்கு இசையவில்லை). அதில் ‘நோ சுகர்’ என்று ஒரு வரி, எதிரே 0.00. அதற்குக் கீழே ‘எக்ஸ்ட்ரா வனிலா’, எதிரே ஒரு தெருக்கடைக் காபியின் விலையைத் தாண்டும் தொகை. சர்க்கரையே வேண்டாம் என்றவர் எதற்காக வனிலாச் சிரப் கேட்டார் என்பது உளவியலாருக்கு உரியது. நமக்கு உரியது உரை காணும் முறை. ஓரிடத்துச் சொல்லைப் பெயர்த்து வேறிடத்தில் கொண்டுபோய்க் கூட்டிப் பொருள் கொள்வதில் நச்சினார்க்கினியர் பெயர் பெற்றவர். அவருக்கு இந்தப் பில் கிடைத்திருந்தால் முதல் வரியின் ‘நோ’வை எடுத்து இரண்டாம் வரியின் ‘எக்ஸ்ட்ரா’வோடு கூட்டி, ‘நோ எக்ஸ்ட்ரா’ என்று முடித்து, பணத்தைத் திரும்ப வாங்கியிருப்பார். இன்றைய பேராசிரியர்கள் இதே முறையால் பதவி உயர்வு மட்டுமே வாங்குகிறார்கள்.

கருப்பட்டிக் காபிக்கும் கூடுதல் விலை உண்டு. கருப்பட்டியே விலை கூடியது. அதோடு கொதிக்கும் பாலில் போட்டால் பால் திரிந்துபோகும் அபாயமும் உண்டு. ஆகவே இக்கட்டணத்தில் நியாயம் இருக்கிறது. நியாயம் இருப்பதால் ஆய்வுக்கு இடமில்லை.

ஒப்பியல் இல்லாவிட்டால் ஆய்வேடு தடிக்காது என்பதால் சிங்கப்பூர். அங்கே ‘கோப்பி சியூ தாய்’ என்றால் இனிப்புக் குறைவு, ‘கா தாய்’ என்றால் கூடுதல், ‘கொசோங்’ என்றால் இனிப்பே இல்லை. ‘பெங்’ சேர்த்தால் ஐஸ் வரும், கூடவே விலையும் ஏறும். ஐஸ் வைத்த டம்ளரில் காபிக்கு இடம் குறைவு. குறைந்த காபிக்குக் கூடுதல் காசு. முதல் விதியை ஒரே டம்ளரில் இரண்டு பக்கமும் மெய்ப்பித்த பெருமை அந்நகருக்கே. 2023 டிசம்பர் 30 முதல் கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் அங்கே ஏ முதல் டி வரை தரக்குறி வந்துவிட்டது. 100 மில்லிலிட்டருக்குச் சர்க்கரை 10 கிராமைத் தாண்டினால் டி. நம் பேருந்து நிலைய வாசலுக்கு அந்த அகரவரிசை போதாது.

இக்கட்டுரையின் சுருக்கத்தை ஒரு பன்னாட்டுக் கருத்தரங்குக்கு அனுப்பினேன். பன்னாட்டு என்றால் யாழ்ப்பாணத்திலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ ஒருவர் வருவார். வராவிட்டால் சூமில் தோன்றி, ‘குரல் கேட்கிறதா’ என்று கேட்டுவிட்டு மறைவார். பதிவுக் கட்டணம் உண்டு. கட்டுரை நூலில் வர வேண்டுமானால் தனி. அந்த நூலுக்கு ஐ.எஸ்.பி.என். இருப்பதால் இன்னும் கொஞ்சம். கட்டுரையாளர் இருவர் என்றால் இரண்டாவது சான்றிதழுக்குத் தனி. ஐந்து பக்கத்துக்கு மேல் போனால் பக்கத்துக்கு இவ்வளவு. மூன்றே பக்கமாகக் குறைத்துவிடுகிறேன், ஏதாவது கழிவு உண்டா என்று கேட்டேன். எதிர்முனையில் இருந்தவர் சிரித்தார். முதல் விதி கல்லாவைத் தாண்டியும் செல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை (காண்க: மேற்படி சிரிப்பு, நீளம் நான்கு வினாடி, ஒலிப்பதிவு செய்யப்படவில்லை, ஆயினும் மூன்று கட்டுரைகளில் மேற்கோளாகிவிட்டது, மூன்றும் நான் எழுதியவை).

எஞ்சியிருப்பது ‘பை டூ’ சிக்கல். ஒரு காபியை இரண்டு டம்ளரில் பிரித்து வாங்கும் இருவரில் ஒருவர் கம்மி என்றால் என்ன செய்வது? சர்க்கரையைத் தனியாகக் கேட்கலாம். இரண்டாவது டம்ளருக்கே தனியாகக் காசு வாங்கும் கடையில் கிண்ணத்துக்கும் கேட்பார்களோ என்ற அச்சம் உண்டு. பாதிக் காபி என்பதால் விட்டுக்கொடுத்ததும் அரை ஸ்பூன். சேர வேண்டியது 11¼ காசு. இதைத் தாளில் போட்டுக் காட்டி, அந்தக் கால் காசு யார் கணக்கில் வர வேண்டும் என்று எதிரே இருந்த நண்பரிடம் கேட்டேன். அவர் மாஸ்டரைக் கூப்பிட்டு, தனக்கு ஒரு டீ சொன்னார். டீ இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.