மகாராஜாவுக்கு ஒரு போன்

கொச்சி ராஜ்யம் 1949 ஜூலையில் திருவிதாங்கூரோடு சேர்ந்தது, அத்துடன் அரசாட்சி முடிந்தது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. திருப்பூணித்துறையில் குடியிருந்து பார்த்தவர்கள் அதை நம்ப மாட்டார்கள். அரச குடும்பத்தின் ஹில் பேலஸ்தான் மியூசியமாயிற்று. மகாராஜாக்கள் லிப்ட் வசதியுள்ள பிளாட்டுகளுக்கு இடம் மாறி மாடி மாடியாகப் பட்டம் சூடிக்கொண்டிருக்கிறார்கள். சமையலறையில் கடுகு தீர்ந்தால் பெருவிரலால் ஒரு தட்டு, டெலிவரி சேவகன் வாசலில் நிற்க வேண்டும். இப்போது சமஸ்தானத்தில் ஒரே விவாதம்: சேவகன் வரும் முன் போன் செய்யலாமா, கூடாதா?

குடியிருப்போர் சங்கத்தில் இதற்கு இரண்டு கட்சி. ஒரு கட்சிக்குப் போன் மணி கேட்டாலே உடம்பெல்லாம் எரிகிறது. மதியத் தூக்கம் கெடுகிறதாம், மீட்டிங் கெடுகிறதாம், ஆப்பில் வண்டி நகர்வதுதான் தெரிகிறதே, பிறகு எதற்கு "சேட்டா, எவிடெயாணு?" என்று ஒரு தொல்லை? இன்னொரு கட்சி, ஒரு வார்த்தை கூப்பிட்டுச் சொல்லாமல் பொட்டலத்தைக் கேட் அருகே போட்டுவிட்டுப் போய்விட்டானே, மழையில் ஊறிவிட்டதே என்று பொங்குகிறது. கொஞ்சம் கவனித்தால் இரண்டு கட்சியிலும் அதே ஆட்கள்தான் இருக்கிறார்கள். தூங்கும்போது முதல் கட்சி, குளிக்கும்போது இரண்டாம் கட்சி. எந்தக் கட்சியானாலும் தண்டனை ஒன்றே, ஒற்றை நட்சத்திரம்.

டெலிவரிக்காரர் ஏன் கூப்பிடுகிறார் என்று மட்டும் எந்தக் கட்சியும் கேட்பதில்லை. நம் முகவரியைப் படித்துப் பார்த்தால் தெரியும். வீட்டுப் பெயர், அம்பலத்தின் கிழக்கு நடை, பழைய ரேஷன் கடை இருந்த இடத்துக்கு எதிரே, 682301. ரேஷன் கடை போய்ப் பல வருஷமாகிறது. அதே வழியில் அதே பெயருள்ள வீடு இன்னொன்றும் இருக்கும். நகராட்சி தந்த எண் வரிசையில் இருக்காது, வார்டு மறுவரையறை வந்தால் அதுவும் மாறும். பின்கோடு 1972இல் வந்தது. 2025இல் தபால் துறை டிஜிபின் என்று ஒன்றைக் கொண்டுவந்து, நாடு முழுவதையும் நான்கு மீட்டர் சதுரங்களாகக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்து எழுத்தில் ஓர் அடையாளம் கொடுத்தது. நம் குளியலறைக்குக்கூட அரசாங்க முகவரி உண்டு. சங்கக் கூட்டத்தில் தன் டிஜிபின் தெரிந்தவர் கை தூக்கச் சொல்லுங்கள், கூட்டம் அமைதியாகக் கலையும். ஆனால் வழி தெரியாமல் ஒருவர் போன் செய்தால், "லொகேஷன் போட்டிருக்கேனே, படிக்கத் தெரியாதா?"

ஜூன் மாதத்து மழையில் அந்தப் போன் எப்படி வருகிறது என்று பாருங்கள். ஹேண்டில்பாரில் பாலிதீன் உறைக்குள் கைப்பேசி. உறைமேல் தண்ணீர், விரலில் தண்ணீர், திரை தொடுதலை ஏற்க மறுக்கிறது. மழைக்கோட்டுக்குள் கையை விட்டு, உள்சட்டையில் விரலைத் துடைத்து, மறுபடி அழுத்துகிறார். பின்னால் பஸ் ஹாரன். ஓரங்கட்ட இடமில்லை. ஓடும் வண்டியிலேயே பேசினால் அதற்கும் ஆள் இருக்கிறது. 2023 ஜூன் 5 முதல் கேரளச் சாலைகளில் 726 ஏஐ கேமராக்கள் கண் கொட்டாமல் விழித்திருக்கின்றன. வண்டி ஓட்டும்போது போன் பேசினால் அபராதம் 2,000 ரூபாய். சட்டம் சரிதான், உயிர் முக்கியம். அழைக்கச் சொல்லும் கம்பெனிக்கும், எடுக்காத நமக்கும் கேமரா இல்லை, அவ்வளவே.

ஆம், நாம் எடுப்பதில்லை. தெரியாத எண் என்றால் திருடன் என்பது இப்போது தேசிய ஞானம். காரணமும் உண்டு. கூரியர் கம்பெனியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, உங்கள் பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது என்று மிரட்டி, 'டிஜிட்டல் அரெஸ்ட்' செய்து சேமிப்பைச் சுரண்டும் கும்பல்கள் பெருகின. அரசாங்கம் 2024 இறுதியில், டயல் செய்தால் முதலில் சைபர் எச்சரிக்கை ஒலிக்கும்படி செய்தது. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று மாதக்கணக்கில் உபதேசம். அதைக் கேட்டு முடித்து, லைன் கிடைத்ததும் டெலிவரிக்காரர் கேட்க வேண்டியிருந்த முதல் கேள்வி: "சேட்டா, ஓடிபி ஒன்னு பறயாமோ?" உத்தியோகபூர்வமாகத் திருடனுக்குரிய வசனத்தை அவர் வாயில் வைத்தது அவருடைய கம்பெனி. வாங்கிக் கட்டிக்கொள்வது அவர்.

இனி விஷயத்துக்கு வருவோம். இந்தப் போன் மரியாதை அல்ல, தொல்லையும் அல்ல, ஒரு வேலை. முகவரியைச் சரிபார்க்கும் வேலை, ஆள் இருக்கிறாரா என்று உறுதி செய்யும் வேலை. கம்பெனி செய்தால் ஆள் வைத்துச் சம்பளம் தர வேண்டும். வண்டியில் வருபவர் செய்தால் ஓசி. ஆர்டருக்குத்தான் கூலி, அழைப்புக்கு இல்லை, நாம் லிப்டில் இறங்கி வரும்வரை அவர் கேட்டில் நிற்கும் நேரத்துக்கும் அநேகமாக இல்லை. 2022 நவம்பரில் கொச்சி ஸ்விக்கி ஊழியர்கள் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தச் சொல்லி வேலையை நிறுத்தினார்கள். அன்று நகரம் கவலைப்பட்டது பிரியாணி வராததற்கு.

வாசலுக்கே வராமல் "வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை" என்று பதிவு செய்துவிடுகிறார்களே, அது? அது பொய், எனக்கும் நடந்திருக்கிறது, கோபமும் வந்தது. இருட்டுவதற்குள் பையைக் காலி செய்தாக வேண்டிய ஒருவர், எடுக்காத போன்களுக்குப் பின் அந்தப் பொத்தானை அழுத்துகிறார். அப்படியொரு பொத்தானை வைத்து, கணக்கை மட்டும் மாலையில் கேட்பவர்கள் குளிரூட்டிய அறையில் இருக்கிறார்கள். அவர்கள் பெயருக்கு எதிரே நட்சத்திரம் போட இடமில்லை.

இவரை ஊழியர் என்றும் சொல்ல மாட்டார்கள். 'பார்ட்னர்'. லாபத்தில் பங்கில்லாத, பெட்ரோல் செலவு முழுதும் தன்னுடையதான பார்ட்னர். நிதி ஆயோக் கணக்கில் 2020-21இல் நாட்டில் இத்தகைய கிக் தொழிலாளர்கள் 77 லட்சம். இவர்களையும் சேர்த்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை 2020இல் நிறைவேற்றிவிட்டு, 2025 நவம்பர் 21 அன்றுதான் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். கடுகுக்குப் பத்து நிமிடம், சட்டத்துக்கு ஐந்து வருஷம். 2026 ஜனவரியில் மத்திய தொழிலாளர் அமைச்சர் தலையிட்ட பிறகு பிளிங்கிட் ஆப் தன் விளம்பரத்திலிருந்து அந்தப் பத்து நிமிடத்தை எடுத்தது. நம் நாக்கிலிருந்து யார் எடுப்பது?

எனவே சங்கத்துக்கு என் யோசனை: விவாதத்தை மாற்றுங்கள். கூப்பிட வேண்டும், யார் வேண்டாமென்றார்கள்? கம்பெனி கூப்பிடட்டும், தன் ஆளை வைத்து, தன் செலவில், பொட்டலம் கிடங்கை விட்டுக் கிளம்பும் முன்பே. கூப்பிடாவிட்டால் நாம் கம்பெனியைக் கூப்பிடுவோம். குறைதீர்ப்பு அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் கண்ணில் படும்படி வைக்க வேண்டும், 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததென்று பதில் தர வேண்டும் என்று 2020ஆம் வருஷத்து மின்வணிக விதிகள் சொல்கின்றன. ஆப்பைத் திறந்து அந்த விவரத்தைத் தேடிப் பாருங்கள். கடுகு முதல் பக்கத்திலேயே இருக்கும்.