நின்றுபோன ஸ்பிரிங்கும் நன்னூலார் விடைவகையும்: ஓர் ஆய்வு

பழைய புல்லட்டின் கிக்கரை உதைத்ததும் என்ஜின் சுற்ற வேண்டும். சுற்றாமல் கால் மட்டும் 'சர்' என்று கீழே போய்த் திரும்பினால், கியர் பெட்டிக்குள் ஒரு பல் தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். கிக்கர் தண்டில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சிறு பல், முதல் கியர் சக்கரத்தின் உட்புற வெட்டுகளில் சென்று கடிக்க வேண்டும். அதைப் பின்னாலிருந்து தள்ளிக் கடிக்கவைப்பது ஒரு ஸ்பிரிங். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. இந்த ஆய்வின் மூலப்பொருள் அந்த ஸ்பிரிங்; துணைப்பொருள் அது கிடைக்காமை.

ஆய்வு எல்லை: 1955-ல் இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து, திருவொற்றியூரில் வேர்விட்ட 346 சிசி வண்டி. அதிலும் வலது காலில் கியரும் இடது காலில் பிரேக்கும் உள்ள, ஆல்பியன் வழிவந்த நான்கு கியர் பெட்டி மட்டும். ரெடிட்ச் ஆலை 1967-ல் மூடியது. அடுத்த சில ஆண்டுகளில் இங்கிலாந்துக் கம்பெனியே போய்ச் சேர்ந்தது. பிள்ளை மட்டும் சென்னையில் பிழைத்துக்கொண்டது. பிற்பாடு ஐந்து கியர் வந்து, கியர் இடது காலுக்கு மாறி, என்ஜினும் பெட்டியும் ஒரே உடலான பிறகு, நம் ஸ்பிரிங்குக்கு வாரிசு இல்லாமல் போயிற்று.

கருதுகோள்: தேடினால் கிடைக்கும். எதிர்க் கருதுகோள்: கிடைத்தால் பொருந்தாது. இரண்டையும் ஆய்வு நிறுவுகிறது.

முன்னாய்வுகள்: இல்லை. இத்துறையில் முன்னாய்வுகள் இல்லை என்று எழுதுவது நம் பல்கலைக்கழக மரபு. தேடிப் பார்க்காதவரை அது உண்மையும்கூட.

ஆய்வுக்களம்: புதுப்பேட்டைக் காயலான் கடைகளும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை ஸ்பேர் கடைகளும்.

உரைக்குள் போகுமுன் பாடபேதம் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த வண்டி பிறந்தது 1955-ல். மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது 1956-ல். ஓராண்டு முந்திப் பிறந்த பாவத்துக்கு அது அங்குல மரையைச் சுமந்துகொண்டு வளர்ந்தது. பின்னாளில் ஆங்காங்கே மெட்ரிக் மரை சேர்ந்தது. எந்த போல்ட் மூலபாடம், எது இடைச்செருகல் என்பது அதைக் கழற்றும்போதுதான் தெரியும், சில சமயம் அப்போதும் தெரியாது. கால் அங்குல பி.எஸ்.எஃப் (பிரிட்டிஷ் நுண்மரை) போல்ட்டில் அங்குலத்துக்கு 26 மரை. கால் அங்குல சைக்கிள் மரையிலும் அதே 26. ஆனால் முன்னதன் மரைக் கோணம் 55 பாகை, பின்னதற்கு 60. 6 மி.மீ. மெட்ரிக் போல்ட்டிலோ அங்குலத்துக்கு 25.4. மூன்றும் ஒன்றின் துளையில் ஒன்று நட்போடு நுழையப் பார்க்கும். 6.35 மி.மீ. துளைக்குள் 6 மி.மீ. போல்ட் கையாலேயே சுகமாகச் சுற்றும். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் மரை கழன்றுவிடும், முதலில் துளைக்கு, அடுத்தபடியாக ஆய்வாளருக்கு.

ஸ்பேனர் வேறு. 1841-ல் ஜோசப் விட்வொர்த் மரைக்கு ஒழுங்கு கண்டார். அவர் வழி வந்த ஸ்பேனரில் பொறித்திருக்கும் அளவு ஸ்பேனர் வாயின் அளவு அல்ல, போல்ட் தண்டின் அளவு. கால் அங்குலம் என்று எழுதிய ஸ்பேனரின் வாய் அரை அங்குலத்தையும் தாண்டும். அதே வாய்தான் பி.எஸ்.எஃப் மரபில் ஐந்து பதினாறு. மெக்கானிக் இதையெல்லாம் படித்ததில்லை. "ரெண்டரை நூல் எடு" என்பார். பையன் சரியானதையே எடுத்துக் கொடுப்பான். மூன்று தலைமுறை அறிஞர்கள் குழம்பும் இடத்தில் அவன் ஏன் குழம்பவில்லை என்பது தனி ஆய்வுக்குரியது.

இனி ஆய்வின் மையம். "இந்த ஸ்பிரிங் இருக்கா?" என்ற ஒரே வினாவுக்கு ஸ்பேர் கடைகளில் கிடைக்கும் விடைகளைத் தொகுத்து நோக்கியபோது, அவை பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்த எட்டு விடைகளுக்குள் அடங்கிவிடுவது புலனாயிற்று. புல்லட் வருவதற்கு ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சமண முனிவர் ஸ்பேர் கடைக்காரரின் வாயைக் கணித்திருக்கிறார் என்று இங்கே அறுதியிடுகிறேன். மறுப்பவர்கள் புதுப்பேட்டைக்கு வரட்டும்.

சுட்டு விடை: "மூணாவது கடைல கேளுங்க." மூன்றாவது கடைக்காரர் முதல் கடையைச் சுட்டுவார் (கல்லா உரை, 3).

மறை விடை: "இல்லை." அரிய வகை. இதை நேராகச் சொல்லும் கடைக்காரருக்கு வியாபாரத்தில் எதிர்காலம் இல்லை.

நேர் விடை: சான்று கிடைக்கவில்லை.

ஏவல் விடை: "அந்த டப்பால கெடக்கும், நீங்களே பாத்து எடுத்துக்குங்க சார்." அந்த டப்பா ஒரு பழைய பெயின்ட் வாளி. அடியில் அரையடிக்கு உறைந்த கிரீஸ். மேல் அடுக்கில் இந்தக் காலத்து வாசர், நடு அடுக்கில் ராஜ்தூத், யெஸ்டி எச்சங்கள், கன்னி மண்ணுக்குச் சற்று மேலே புல்லட். மண்ணடுக்காய்வு முறையில் அணுகினால் பொருளின் காலத்தைக் கச்சிதமாகச் சொல்லலாம். பொருளை மட்டும் எடுக்க முடியாது. காலம் கிடைத்த திருப்தியோடு வீடு திரும்புகிறவர்களை நம் கருத்தரங்குகளில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வினா எதிர் வினாதல்: "இதை இன்னமும் எவன் சார் வெச்சிருப்பான்?" வினா வடிவில் வரும் மறை. "அதை எதுக்குக் கழட்டுனீங்க?" என்பதும் இவ்வகையே என்பர் ஒரு சாரார். அது விடையே அன்று, வசவு என்பர் மற்றொரு சாரார் (புதுப்பேட்டைச் சுவர்க்கரிக் கல்வெட்டு, இரண்டாம் வரி, சுண்ணாம்பு அடிப்பதற்கு முந்திய பாடம்).

உற்றது உரைத்தல்: "நேத்துத்தான் கடைசி பீஸ் போச்சு." இந்தக் கடைசி பீஸ் எந்தக் கிழமை சென்றாலும் முந்தின நாள்தான் போயிருக்கும். வாங்கிப் போனவர் நேரில் கண்டறியப்படவில்லை.

உறுவது கூறல்: "லோக்கல் தர்றேன், ஆனா ரெண்டு மாசத்துல படுத்துரும்." நேர்மையில் தலைசிறந்த விடை இதுதான். ஆய்வேடுகளின் முன்னுரையில் இப்படி ஒரு வரி போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

எட்டாவது, இனமொழி. ஆடத் தெரியுமா என்றால் பாடத் தெரியும் என்பது பள்ளிக்கூட எடுத்துக்காட்டு. கிக்கர் ஸ்பிரிங் இருக்கா என்றால் "கிளட்ச் ஸ்பிரிங் இருக்கு" என்பது புதுப்பேட்டை எடுத்துக்காட்டு. பவணந்தியார் இதற்கு உட்பிரிவு காணாமல் விட்டது பெருங்குறை. இங்கே நிறைவு செய்யப்படுகிறது. ஒன்று, பெயரினம்: பெயரால் மட்டும் உறவுள்ளதைத் தருவது, மேற்சொன்ன கிளட்ச் ஸ்பிரிங் போல. இரண்டு, உருவினம்: பார்க்க ஒன்றுபோல் இருக்கும், அரை மில்லிமீட்டர் நீண்டிருக்கும். "அறுத்துப் போட்டுக்கலாம் சார்" என்ற துணைவாய்பாட்டோடு வரும். மூன்று, அண்டையினம்: கேட்டது எந்த இடத்துக்கோ அதன் பக்கத்து உறுப்பைத் தருவது. கிக்கர் ஸ்பிரிங் கேட்டவரிடம் பின்சக்கரக் கப்ளிங் ரப்பரைத் தள்ளிவிட்ட கடைக்காரர், இரண்டும் "ஓட்டத்துக்குத்தானே" என்று நிறுவியது இவ்வகையின் உச்சம். நான்கு, பொட்டியினம்: உள்ளே டூப்ளிகேட், வெளியே மினுக்கும் ஒரிஜினல் அட்டைப்பெட்டி. ஒரே சரக்கைப் பெட்டி மாற்றி ஐந்து பெயரில் விற்றால் ஸ்பேர் கடையில் அது மோசடி. கருத்தரங்கக் கோவையில் அதற்குப் பயணப்படி உண்டு. ஐந்து, பேனாவினம்: பால்பாயின்ட் பேனாவைக் கழற்றி அதன் ஸ்பிரிங்கை நீட்டுவது. மூன்று உதை தாங்கும். எழுத்தாளர் கைப் பேனாக்களால் போக்குவரத்துக்கு விளைந்த ஒரே நன்மை இந்த மூன்று உதைதான் (கிரீஸ் படிந்த நாற்பது பக்க நோட்டு, பின்னட்டை உட்புறம், டீக்கறைக்குத் தென்கிழக்கே, இக்கருத்தை எதிர்க்கடைக்காரர் மறுப்பதற்கு அதே நோட்டின் கிழிந்துபோன பக்கத்தை ஒப்புநோக்குக, கிழித்தவர் யார் என்பதற்கு நோட்டுக்காரரும் அவரும் பேசிக்கொள்ளாமல் இருப்பதே அகச்சான்று).

எட்டுக்கும் அப்பாற்பட்ட ஒன்பதாம் விடை லேத் பட்டறையில் இருக்கிறது. அங்கே போய்க் கேட்டால் பதிலே வராது. பட்டறைக்காரர் பழைய பல்லை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். தேய்ந்த முனையைக் கட்டைவிரலால் தடவுவார். புதிய பல்லைக் கடைந்து, டெம்பர் ஏற்றித் தருவார். டெம்பர் குறைந்தால் முனை மழுங்கும், கூடினால் உதையில் தெறிக்கும். நடுவில் எங்கே நிறுத்துவது என்பதைச் சூடேறும் இரும்பின் நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். ஸ்பிரிங்கையும், எஃகுக் கம்பியை ஓர் ஊசித்தண்டில் சுற்றி அவரே இழைத்துவிடக் கூடும். ஆனால் எந்தத் தடிமன் கம்பி, எத்தனை சுற்று, அமுக்காத நிலையில் எவ்வளவு நீளம் என்பதற்கு மூலம் வேண்டும். மூலத்தைக் காணாமலேயே செம்பதிப்பு கொண்டுவரும் துணிவு அவருக்கு இல்லை. முனைவர் பட்டமும் இல்லை.

இந்த ஆய்வு மேலாய்வுக்கு வழிவகுக்கும் என்று முடிப்பது வழக்கம். எனக்கு மேலாய்வு வேண்டாம், ஸ்பிரிங் வேண்டும். வலதுகால் கியர் புல்லட்டின் பெட்டி வீட்டுப் பரணில் பிரித்துக் கிடக்கிற வாசகர் யாரேனும் இருந்தால், கிக்கர் தண்டைக் கையில் எடுத்து, பல்லை மெல்ல விலக்கி, அதன் பின்னால் இருப்பதை அளந்து எழுதுங்கள். கடன் கொடுத்தால் இன்னும் நல்லது, அளவெடுத்ததும் திருப்பிவிடுவேன். நேர் விடை மட்டுமே ஏற்கப்படும். கிளட்ச் ஸ்பிரிங் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.