கேசட்டு நோட்டம்: மணப்பாட்டுக் கரையை முன்வைத்து

பழைய வீடியோ கேம் கேசட்டை விலைபேசும்போது அது அசலா, போலியா என்று காண்பது எப்படி? பல்லி எந்தத் தோளில் விழுந்தால் என்ன பலன் என்பதற்குப் பஞ்சாங்கத்தில் இடம் ஒதுக்கிய தமிழ்ச் சமூகம், இவ்வினாவுக்கு இதுவரை ஒரு வரியும் ஒதுக்கவில்லை. அக்குறை நீக்க எழுந்ததே இவ்வாய்வு.

களமாக மணப்பாடு கொள்ளப்பட்டது. திருச்செந்தூருக்குத் தெற்கே, மணல்மேட்டின்மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயத்தோடு நிற்கும் இக்கடற்கரை ஊருக்கு 1542இல் சவேரியார் வந்தது ஊரறிந்த செய்தி. நமக்கு வேண்டியது வேறு. இவ்வூரின் பெயரால் கடலுக்குள் முத்துச் சிப்பி விளையும் பார் ஒன்று இருக்கிறது: மணப்பாட்டுப் பெரிய பார். ஆகவே நல்லதையும் சொத்தையையும் பிரித்தறியும் கண் இக்கரையாருக்குப் பரம்பரைச் சொத்து என்பது நம் கருதுகோள். கருதுகோளுக்கு ஆதாரம் கேட்பது மரபன்று.

முத்து நோட்டம் எளிய வேலையன்று. பித்தளைச் சல்லடைகள் பத்து. அவற்றுக்குப் பெட்டி என்று பெயர். முதல் பெட்டியில் 20 துளை, அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100 என்று ஏறி, பத்தாவதில் 1000. துளை கூடக்கூட அதன் அளவு சிறுக்கும். எந்தப் பெட்டியில் முத்து தங்குகிறதோ அதுவே அதன் பருமன். அதற்குமேல் உருட்சியும் ஒளியும் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். குறையே இல்லாதது ஆணி, அதைவிடக் குறைந்தது கையேறல், கோணியது பீசல், கடைத்தரம் தூள். ஆனால் இவ்வளவு நுணுக்கமும் சிப்பியைத் திறந்த பிறகுதான். அதற்கு முன்னால் கரையில் நடந்தது ஏலம். சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாகக் கூறுபோட்டு விற்றார்கள். உள்ளே முத்து இருந்தால் வாங்கியவன் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் நாற்றம்.

தூத்துக்குடிக் கரையில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. ஏலம் நின்றது; ஏல மனப்பான்மை நிற்கவில்லை. அதுதான் கேசட்டு வாணிகத்துக்கு இடம்பெயர்ந்தது என்று நிறுவுவோம்.

நிண்டெண்டோ நிறுவனம் ஜப்பானில் 1983இல் ஃபாமிகாம் என்ற ஆட்டப் பெட்டியை வெளியிட்டது. அதன் கேசட்டுக்கு 60 கால், அதாவது தொடுமுனை. 1985இல் அமெரிக்காவுக்கு அனுப்பியபோது கால்களை 72 ஆக்கி, அசல் கேசட்டை மட்டும் உள்ளே விடும் காவல் சில்லு ஒன்றையும் வைத்தார்கள். ஜப்பான் பெட்டிக்கு அந்தக் காவல் இல்லை. காவலில்லாத தோப்பில் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. தைவானிலும் சீனாவிலும் நகல் பெட்டிகளும் நகல் கேசட்டுகளும் குவிந்தன. நம் நாட்டுக்கு அவை மீடியா என்றும் லிட்டில் மாஸ்டர் என்றும் ஞானஸ்நானம் பெற்று வந்தன. அசல் வரக்கூடாதா என்று கேட்கலாம். வந்தது. 1995இல் சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் ஆட்டப் பெட்டியை ஷா வாலஸ் நிறுவனம் இந்தியாவில் விற்றது. விலை 18,000 ரூபாய். அந்தக் காலத்தில் அவ்வளவு பணம் கையில் இருந்தவர் கட்டுமரத்துக்கு எஞ்சின் வைப்பாரே தவிர, நீலநிற முள்ளெலி ஓடுவதைப் பார்க்க வாங்கமாட்டார்.

இனி, அசல் காணும் முறை பற்றி நிலவும் கொள்கைகளை ஒவ்வொன்றாக மறுப்போம்.

மேலே ஒட்டிய படத்தைப் பார்த்தால் போதும் என்பர் ஒரு சாரார். அச்சு மங்கியிருந்தால், எழுத்துப் பிழை இருந்தால், படத்திலுள்ள ஆள் உள்ளே இல்லாவிட்டால் போலி என்பது அவர் துணிபு. இது பாதி உண்மை. ஆனால் கான்ட்ரா ஆட்டத்தின் அசல் அட்டைப்படத்தையே எடுத்துக்கொள்க. துப்பாக்கியோடு நிற்கும் அந்த வீரர், பிரிடேட்டர் படத்தில் அர்னால்டு நின்ற நிலையைப் பார்த்து வரையப்பட்டவர். அசலே பார்த்து வரைந்ததாக இருக்க, நகலை மட்டும் குற்றம் சொல்லுதல் அறமாகாது.

நிறம் பார்க்க வேண்டும் என்பர் இன்னொரு சாரார். மஞ்சள் கேசட்டெல்லாம் போலி என்பது தென்கரை நம்பிக்கை. 1985இல் ஜப்பானில் வந்த அசல் மாரியோ கேசட்டும் மஞ்சள்தான். இவர்களை இத்தோடு விடுவோம்.

மூன்றாமவர் ஊதல்வாதிகள். கேசட்டின் வாயில் உஃப் என்று ஊதிப் போட்டால் ஓடுவது அசல், ஓடாதது போலி என்பது இவர்கள் சித்தாந்தம். இது முற்றிலும் தவறு. ஊதினால் எச்சிலின் ஈரம் காலில் படிந்து அதை அரிக்கும். ஊதியதால் ஓடியதுபோல் தோன்றுவது, கழற்றி மறுபடி செருகியதால் தொடுமுனை சரியாகப் பதிந்ததன் பயன். எனினும் இவர்கள் அறியாமலே ஒரு நல்ல சோதனையைத் தொடங்கிவைத்தார்கள். அசல் கேசட்டின் கால்களுக்குப் பொன்முலாம் உண்டு. மலிவு நகலில் அது பேருக்குத்தான். மணப்பாட்டுக் காற்றில் உப்பு. கிழக்கே கடல், தெற்கே கடல், ஆற்று முகத்துவாரத்தில் தேங்குவதும் கடல்தான். முலாம் குறைந்த கேசட்டை இவ்வூர்த் திண்ணையில் ஒரு மழைக்காலம் வைத்தால் கால்களில் பச்சைக் களிம்பு பூக்கும். அழிரப்பரால் தேய்த்து விற்பவன் கைக்குத் தப்பிய களிம்பு மூலையில் மிஞ்சியிருக்கும், அங்கே பார்க்க.

எஞ்சி நிற்பது திறந்து பார்க்கும் கட்சி. இன்றைய பழைய பொருள் சந்தையில் பலரை ஏமாற்றுவது நிண்டெண்டோவின் கைக்கருவியான கேம்பாய் அட்வான்ஸின் போகிமான் எமரால்டு கேசட்டு என்பதால் அதைக் கொண்டே விளக்குவோம். அசலின் ஓடு உள்ளே தெரியும்படியான பச்சை. ஒட்டுத்தாளின்மேல் அழுத்திப் பதித்த ஒரு சிறிய எண், விளக்கின்முன் சாய்த்தால் மட்டும் தெரியும். செருகுவாயின் மேல் பலகையில் நிண்டெண்டோ என்று எழுதியிருக்கும். ஸ்க்ரூ தலையின் வெட்டுக்கு மூன்று கை. திறந்தால் ஒரு சிஆர்1616 பேட்டரி. அது உள்ளிருக்கும் கடிகாரத்துக்கு மட்டும், ஆட்டக் கணக்கைச் சேமிக்க அன்று. போலியைத் திறந்தால் சில்லு இருக்கவேண்டிய இடத்தில் கரிய பிசின் ஒரு சொட்டு. தூள்.

அசலில் பேட்டரி தீர்ந்ததும், தீர்ந்துவிட்டது என்று திரையில் அறிவிப்பு வரும். அதைக் கண்டு போலி என்று தள்ளியவர் பலர். வயதானால் யாரும் சொல்வதைத்தான் அதுவும் சொல்கிறது. மாறாக, கடிகாரமே வைக்காத போலியும் அதே அறிவிப்பைக் காட்டும், பிறந்த அன்றைக்கே. எனவே அறிவிப்பைப் பார்க்காமல் ஓட்டின் வயதைப் பார்க்க.

மின்னணுக் காவலை நம்பலாமா? பழைய கேம்பாய் கருவி, இயக்கியவுடன் கேசட்டிலுள்ள 48 பைட்டு நிண்டெண்டோ முத்திரையைத் தன்னிடமுள்ள முத்திரையோடு ஒப்பிடும், பொருந்தாவிட்டால் நின்றுவிடும். போலி செய்பவன் அந்த 48 பைட்டையும் பார்த்து எழுதிவிடுகிறான். ‘நீ அசலா?’ என்று வாசலில் கேட்டு, ‘ஆமாம்’ என்றால் உள்ளே விடும் காவல்காரரை நாம் கல்யாண மண்டபங்களிலும் கண்டதுண்டு.

திறந்து பார்ப்பதுதான் முடிந்த முடிபென்றால், களத்தில் அது செல்லுமா? ஸ்க்ரூ டிரைவரை எடுத்ததும், மணப்பாட்டில் கேசட்டு விற்கும் தம்பி சொன்னது: “அண்ணாச்சி, தொறந்துட்டியன்னா வாங்கிரணும்.” சிப்பி ஏலத்தின் பழைய சட்டம் இம்மியும் மாறாமல் இருப்பதை ஆய்வாளர் குறித்துக்கொண்டார்.

இனி 9999 ஆட்டம் அடங்கியது என்று மேலே எழுதிய கேசட்டுக்கு வருவோம். இதை நோட்டம் பார்க்கச் சல்லடைப் பெட்டி முறையே சிறந்தது. முதல் பெட்டியில், பெயர் மட்டும் மாறி மீண்டும் மீண்டும் வரும் ஆட்டங்கள் உதிரும். பெரும்பகுதி அங்கேயே போய்விடும். அடுத்த பெட்டியில், அதே மாரியோ மூன்றாம் கட்டத்திலிருந்து தொடங்குவது, அதே கான்ட்ரா கூடுதல் உயிரோடு தொடங்குவது எல்லாம் உதிரும். தங்கி நிற்பவை: மாரியோ, கான்ட்ரா, டேங்க், சர்க்கஸ், வாத்துச் சுடுவது, இன்னும் சில. இவை ஆணி. மற்றவை எண்ணிக்கைக்கு.

இங்குதான் நம் கருதுகோள் எதிர்பாராத வகையில் மெய்ப்பட்டது. கப்பலுக்குப் போய்வந்த ஒருவர், ஜப்பானியத் துறைமுகம் ஒன்றில் வாங்கிய அசல் மாரியோ கேசட்டைப் பனையோலைக் கொட்டானில் பொதிந்து கொண்டுவந்தார். பொன்முலாம் மங்காத கால், கூரிய அச்சு, நிறைந்த எடை. நாம் வகுத்த எல்லாச் சோதனையிலும் தேறியது. தெருப்பிள்ளைகள் அதைப் போட்டுப் பார்த்தார்கள். ஆட்டப் பட்டியல் வரவில்லை. நேரே மாரியோ வந்தார். ஆட்டம் முடிந்ததும் மறுபடி மாரியோதான் வந்தார். ரீசெட்டை அழுத்தினாலும் அவரே. “ஏல, ஒத்த கேம்தான் இருக்கு. மாமாவ ஏமாத்திட்டானுவ,” என்று ஒருமனதாகத் தீர்ப்பாயிற்று.

அசலைக் கண்டிராத கரையில் நகலே அளவுகோல் ஆகிவிடும் என்பதற்கு இதைவிடத் தூய சான்று கிடைப்பது அரிது. அக்கேசட்டு பிறகு விற்பனைக்கு வந்தது. ஜப்பானிய மதிப்பை எடுத்துச் சொல்லி ஆய்வாளர் வாங்க முன்வந்தபோதும், விற்பவர் மனசாட்சி இடம் தரவில்லை. “வேண்டாம் அண்ணாச்சி, இது டூப்ளிகேட்டு. ஒங்களுக்கு 9999 போட்ட நல்லது ஒண்ணு எடுத்துத் தாரேன்,” என்று சொல்லி அதை உள்ளே வைத்துவிட்டார்.