பழைய கிராபிக்ஸ் கார்டின் பதவி உயர்வு: ஓர் ஆய்வு

1. ஆய்வின் எல்லை

கிராபிக்ஸ் கார்டின் ஓரத்தில், எட்டுக் கால்களோடு ஒரு சிறு சிப் ஒட்டிக் கிடக்கும். பயாஸ் எனப்படும் ஃபர்ம்வேர் குடியிருப்பது அங்கேதான். கார்டின் பெயர் என்ன, எந்த வேகத்தில் ஓடலாம், எவ்வளவு மின்னழுத்தம் கொள்ளலாம் என்பன எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். அந்த எழுத்தை மாற்றினால் கார்டின் தகுதி மாறுமா என்பதே இவ்வாய்வின் வினா. "ஒழுங்கா ஓடுறதை ஏன் நோண்டுற?" என்று வீட்டார் எழுப்பும் வினா ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது.

2. முதற்சான்று

2010 டிசம்பரில் ஏஎம்டி நிறுவனம் ரேடியான் எச்டி 6970, 6950 என இரு கார்டுகளை வெளியிட்டது. மூத்தது 369 டாலர், 1536 ஷேடர்கள் (படத்தைக் கணிக்கும் அலகுகள்). இளையது 299 டாலர், 1408 ஷேடர்கள். இரண்டின் உள்ளேயும் இருந்தது கேமன் என்னும் ஒரே சிப். ஆர்வலர் சிலர் மூத்ததன் பயாஸை இளையதில் ஏற்றிப் பார்த்தனர். அதுவரை உறங்கிக் கிடந்த 128 ஷேடர்களும் எழுந்து வேலைக்கு வந்தன. 70 டாலர் வேறுபாடு ஒரு கோப்பின் வேறுபாடே என முதற்சாரார் முடிவு கட்டினர்.

துணைச்சான்று: 2016-இல் வந்த ஆர்எக்ஸ் 480-இன் தொடக்ககால 4 ஜிபி கார்டுகள் சிலவற்றில் 8 ஜிபி நினைவகமே பொருத்தப்பட்டிருந்தது. பயாஸை மாற்றியதும் மீதிப் பாதி வெளிவந்தது.

3. மறுப்பு

மறுப்பார் கூறுவதாவது: பதவி உயர்ந்ததேயன்றிப் படி உயரவில்லை. 6970-க்கு ஒரு 8 பின், ஒரு 6 பின் என மின் இணைப்புகள். 6950-க்கு இரண்டுமே 6 பின். நினைவகச் சிப்களும் குறைந்த வேகத்துக்கானவை. எனவே நடுநிலையாளர், 6950-இன் சொந்த பயாஸிலேயே ஷேடர்களை மட்டும் திறந்துவிடும் திருத்தப் பதிப்பை உண்டாக்கினர். பழைய சம்பளத்தில் கூடுதல் வேலை என்னும் இம்முறை அலுவலகத்தார் நன்கறிந்தது.

4. செய்முறை

முதலில் ஜிபியூ-இசட் என்னும் மென்பொருள் கொண்டு மூல பயாஸைச் சேமித்து, வேறோர் இடத்திலும் பிரதி வைக்க வேண்டும். பிறகு எழுதும் கருவி: ஏஎம்டி கார்டுக்கு ஏடிஐஃபிளாஷ், என்விடியா கார்டுக்கு என்விஃபிளாஷ். கோப்பும் கார்டும் பொருந்தாவிடில் இவை எழுத மறுக்கும். மறுப்பை மீறி எழுதவைக்கும் கட்டளையும் இவற்றிலேயே உண்டு. வாயிற்காவலரே பின்வாசலும் வைத்திருப்பது குறிக்கத்தக்கது.

5. பிழைபட்டோர் நிலை

தவறான கோப்பு ஏறினால் திரை இருண்டுவிடும். என்ன பிழை எனத் திரையில்தான் பார்க்க வேண்டும், திரைதான் பிழை. தொடக்ககால 6950 வாங்கியோர் இங்குப் பாக்கியசாலிகள். அதன் மேல்விளிம்பில் இரு பயாஸ்களுக்கு இடையே மாற்ற ஒரு சிறு சுவிட்ச் உண்டு. மற்றதற்குத் தள்ளிக் கணினியைத் துவக்கி, சுவிட்சைப் பழைய இடத்துக்கு இழுத்து, மறுபடி எழுதலாம். ஏனையோர் மதர்போர்டின் கிராபிக்ஸையோ இரவல் கார்டையோ நாட வேண்டும். அதுவும் கைவிட்டால், சிப்பின் கால்களைக் கிளிப்பால் கவ்விப் புரோகிராமர் கருவி கொண்டு எழுதுவதே கதி.

6. முறையான புதுப்பிப்பு

2018-இல் என்விடியா தன் மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளுக்கு ஒரு ஃபர்ம்வேர் கருவியை வெளியிட்டது. டிஸ்பிளேபோர்ட் 1.3, 1.4 திரைகளை மாட்டினால், இயங்குதளம் ஏறும்வரை சிலருக்குத் திரை வெறுமையாகவே கிடந்தது. அதற்கான மருந்து இது. பலன்: படம் வரவேண்டிய நேரத்தில் வந்தது. பதவி உயர்வு ஏதுமில்லையாதலால் முதற்சாரார் இதனை ஆய்வாகவே கொள்வதில்லை.

7. முடிவு

ஃபர்ம்வேர் புதுத் திறன் எதையும் தருவதில்லை. இருக்கும் திறனுக்கு அனுமதி மட்டும் வழங்குகிறது. உள்ளே பூட்டி வைக்கப்பட்டது ஏதுமில்லாத கார்டு, எத்தனை முறை எழுதினாலும் அதே கார்டுதான். 6950-இல் 70 டாலர் மிச்சம் பிடித்தோர், அதைப் பெரிய பவர் சப்ளை வாங்கச் செலவிட்டனரா என்பது மேலாய்வுக்குரியது.